அம்மா பிடித்துக் குளிக்கவைத்த கடல்

போன வாரம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் தொலைபேசியில் என்னிடம் கேட்டார். "மாலையில் நாங்கள் கடலில் இறங்கினால் அங்கே யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களா?"

அவர் பேசியது பாரிஸிலிருந்து. விடுமுறைக்குப் போகவிருந்தது ட்ரூவில் என்ற கடற்கரை ஊருக்கு. பதில் சொன்ன நான் இருந்தது அம்பத்தூரில், ஜன்னலைத் திறக்க முடியாத ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில். அந்த ஊரில் வாடகைக்கு வீடு எடுப்பவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வதுதான் என் வேலை. பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது, காவலர்கள் போனபின் இறங்குவது உங்கள் பொறுப்பு. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் பிரெஞ்சில் சொல்வேன். அன்றும் சொன்னேன். சொல்லி முடித்தபின் அடுத்த அழைப்பை எடுக்கக் கை வரவில்லை.

எண்ணூர்க் குப்பத்தின் கடைசித் தெருப் பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் என்கிறேன். உங்களில் சிலருக்கு முன்தலை ஏறிவிட்டது, ஒருத்தியின் பெண் பெரியவளாகிவிட்டாள். நம் தெருவே இப்போது கடலுக்குள் இருக்கிறது. ஆளாளுக்கு மாத்தூர், மணலி, எர்ணாவூர் என்று சிதறிவிட்டோம். ஆனால் என் அம்மாவின் குளியல் மறைப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குள் ஒளிந்து விளையாடி அடி வாங்காதவர் யார்?

முதலில் ட்ரூவிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அதை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் நம் தேரடித் தெருவைவிட அந்த ஊர்த் தெருக்கள் எனக்கு நன்றாகத் தெரியும். ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் அது இருக்கிறது, எண்ணூர் முகத்துவாரம் மாதிரி. ஆதியில் வெறும் மீனவர் ஊர். மஞ்சள் வெளிச்சத்தையும் படகுகளையும் வரைய ஓவியர்கள் வந்தார்கள். அவர்கள் வரைந்ததைப் பார்த்துப் பணக்காரர்கள் வந்தார்கள். ரயில் வந்தது, மாளிகைகள் வந்தன, சூதாட்ட விடுதி வந்தது, பட்டுப் பாவாடை மணலில் புரளாமல் நடக்கப் பலகைப் பாதை வந்தது. அக்கரையில் சதுப்பைத் தூர்த்து இன்னும் பெரிய பணக்காரர்கள் வேறோர் ஊரையே கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் ட்ரூவில்காரர்கள் மீன் பிடிப்பதை விடவில்லை. இன்றைக்கும் ஆற்றங்கரையில் மீன் அங்காடி இருக்கிறது, இறாலை அங்கேயே அவித்துத் தருகிறார்கள். பக்கத்து ஊர் பகட்டு, எங்கள் ஊர் அசல் என்று அவர்களுக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வம் எனக்குப் பிடிக்கும். எனக்கும் அப்படி ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல நான் கூச்சப்பட்டதே இல்லை.

எண்ணூருக்கும் ஒரு காலத்தில் துரைமார்கள் படகு விடவும் காற்று வாங்கவும் வந்தார்கள் என்று கேள்வி. நமக்குத் தெரிந்த எண்ணூரில் சாம்பலும் புகைபோக்கியும்தான் இருந்தன. கடலுக்குச் சொகுசாகக் குளிக்க வந்தவர்கள் என்றால், வண்ணாரப்பேட்டையில் துணி தைத்த டைலரக்கா மாதிரி ஆட்கள்தான்.

அலுவலகத்தில் அந்த ஊரின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் சீமாட்டிகள் தனியாகக் கடலில் இறங்கமாட்டார்களாம். கையைப் பிடித்துக் கூட்டிப்போக, அலை வரும்போது முக்கி எடுக்க, உள்ளூர் மீனவ ஆட்களை அமர்த்துவார்களாம். உடை மாற்றச் சக்கரம் வைத்த மரக்கூண்டுகள் இருந்தனவாம். படத்தில் சீமாட்டியின் பெயர் இருந்தது. கையைப் பிடித்திருந்தவரின் பெயர் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் கால்களை அகட்டி, அலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த நிற்பை நான் எங்கேயும் அடையாளம் கண்டுகொள்வேன்.

அம்மா இந்த வேலையைத் தொடங்கியது நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டு. ஆடி அமாவாசைக்குக் குளிக்க வந்த கூட்டத்தில் ஒரு பெண்ணை அலை புரட்டிப் போட்டது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மா ஓடிப்போய்த் தலைமுடியைப் பற்றி இழுத்து வந்தாள். அந்தப் பெண் இருமி முடித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "யக்கா, இன்னொரு முழுக்கு போடணும், நீயே புடிச்சிக்கோ" என்பதுதான். அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். அன்று சாயங்காலம் வரை அம்மா கரையேறவில்லை. காயவைத்த கருவாட்டைக் காக்கை தின்றுவிட்டது.

பிறகு வாராவாரம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை, யானைக்கவுனி. பிறந்ததிலிருந்து கடலுக்கு அரைமணி நேரத் தொலைவில் இருந்தும் கணுக்காலுக்கு மேல் நனையாதவர்கள். ஆண்கள் குளிக்கும் இடத்தில் இறங்க வெட்கம், தனியாக இறங்கப் பயம். அம்மா நான்கு சவுக்குக் கழி நட்டு மறைப்பு கட்டினாள். மூன்று பக்கம் பழைய வலையும் சாக்கும். நான்காவது பக்கத்துக்கு யாரோ ஒரு கட்சித் தலைவரின் பேனர். உடை மாற்ற உள்ளே போனவர்கள் எல்லோரும் கூச்சல் போட்டார்கள்.

"யக்கா, இந்தாளு நம்மளயே பாத்துகினு கீறான்க்கா!"

அம்மா பேனரைத் திருப்பிக் கட்டினாள். தலைவர் கடலைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நாள் கட்சிக்காரர் வந்து, "இன்னாம்மா, தலைவர பொம்பளைங்க குளிக்கிற எடத்துல காவலுக்கு நிறுத்திக்கீறியா?" என்று சத்தம் போட்டார். "உள்ள பாத்துகினு இருந்தாரு நைனா, நான்தான் மானத்தக் காப்பாத்தி வெளிய திருப்புனேன்" என்றாள் அம்மா. அந்த ஆளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா உள்ளங்கையைப் பிடிக்கமாட்டாள். மணிக்கட்டுக்கு மேலே, இரண்டு கையாலும் பிடிப்பாள். வந்தவளைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, தான் கடலைப் பார்த்து நிற்பாள். அலை வருவதை அவள் மட்டும்தான் பார்ப்பாள். "கண்ண மூடு, மூக்க புடி, குந்து!" என்பாள். அலை தலைக்கு மேல் போய்விடும். பெரிய அலை என்றால் பிடித்த கையோடு தானும் இரண்டடி பின்னால் போவாள். எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு விட்டுக்கொடுத்து, பிறகு நிறுத்துவாள். கரையில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அவர்கள் ஆடுகிற மாதிரி இருக்கும்.

கடல் சரியில்லை என்றால் மறைப்பின் வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே போட்டுவிடுவாள். அன்று யாரையும் இறக்கமாட்டாள். ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் துடைப்பம் அங்கேயே கிடந்தது.

டைலரக்கா வெள்ளிக்கிழமை வருவாள். அன்றுதான் அவள் கடைக்கு விடுமுறை. வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவள் கடை. கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனை இழந்த பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் வெட்டும் ரவிக்கைக்குத் திருவொற்றியூரிலிருந்தெல்லாம் ஆள் போகும். முதல் வாரம் பர்தாவோடு ஈரமணலில் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் கணுக்கால். அதற்கடுத்த வாரம் சல்வார் கமீஸில் முழங்கால் வரை வந்தவள், சின்ன அலைக்கே அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"யக்கா, வுட்டுடாதக்கா! அல்லாவே!"

"நா எங்க வுட்டேன்? நீதான் என் கய்த்த நெரிக்கிற. ஊசில நூல் கோக்கறப்போ கண்ணு சிமிட்டாதவளாமே நீ?"

"ஊசி ஓடி வராதேக்கா!"

அவள் சிரித்தால் தண்ணீர் குடித்துவிடுவாள். குடித்தால் இன்னும் சிரிப்பாள். மார்கழியில் கடல் கொஞ்சம் அடங்கியபோது முதல் முறையாக முழுகி எழுந்தாள். முகத்திலிருந்து தண்ணீரை வழித்துவிட்டு, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்கிறவள் மாதிரி மெதுவாக, "உள்ள இவ்ளோ சத்தமாக்கா கீது?" என்றாள். அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "எது வந்தாலும் புடிய வுடாத. மிச்சத்த நா பாத்துக்கறேன்."

எனக்கு அவள் சீருடைப் பாவாடை தைத்துத் தந்தாள். வளர வளர நீட்டிக்கொள்ள உள்ளே மடிப்பு வைத்து. வகுப்பில் வேறு யாருடைய பாவாடைக்கும் அப்படி விளிம்பு நிற்காது. அந்தப் பாவாடை போட்டுக்கொண்டுதான் மாசி மாதம் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கிளம்பினேன்.

விழா வெள்ளிக்கிழமை. ஒப்பித்தலில் எனக்கு முதல் பரிசு. பரிசு வாங்குபவர்களின் தாய் தகப்பன் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்கள். அம்மா தயங்கினாள்.

"வெள்ளிக்கெயம டைலரு வருமே. அப்பாவ இட்டுகினு போயேன்."

"அப்பா கொறட்ட வுடும். நீ வர்லன்னா நா மேடை ஏற மாட்டேன்."

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது என்னவென்றால், எல்லோரும் அம்மாவைப் பார்க்க வேண்டும். மற்றவர்களின் அம்மாக்கள் கைதட்டுவார்கள். என் அம்மா எழுந்து நின்று விசில் அடிப்பாள் என்று எனக்குத் தெரியும். அம்மா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். பிறகு மறைப்பின் வாசலில் துடைப்பத்தைப் போட்டாள். அப்பாவிடம், "யாரு வந்தாலும் அடுத்த வாரம் வரச் சொல்லு. தண்ணி சரியில்ல வேற" என்றாள். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு என்னோடு பேருந்து ஏறினாள்.

விசில் அடித்தாள். தலைமை ஆசிரியை திரும்பிப் பார்த்தார். நான் பெருமையில் மேடையிலிருந்து விழப் பார்த்தேன்.

கரையில் நடந்ததை அப்பா பிற்பாடு துண்டு துண்டாகச் சொல்லித்தான் தெரியும். டைலரக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். துடைப்பத்தைப் பார்த்து முகம் வாடி நின்றார்கள். அப்பா மோசமான ஆள் இல்லை. அவ்வளவு தூரம் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனது வரவில்லை. அவர் ஓர் ஆண், பெண்களின் கையைப் பிடிக்க முடியாது. யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தார். படகு கட்டும் முளையில் நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையை நங்கூரத்தோடு தண்ணீருக்குள் இறக்கி, விறைப்பாக இழுத்துவிட்டார்.

"போட்டையே நிறுத்துற கயிறும்மா இது. உங்கள நிறுத்தாதா? புடிச்சிக்கினு ரெண்டு முழுக்கு போட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, மரியாதைக்காக முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். துடைப்பத்தை எடுத்து ஓரமாகச் சாய்த்ததும் அவர்தான்.

கடலை அறிந்த ஒரு மனிதர் எப்படி அப்படி நினைத்தார் என்று பல வருடம் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது புரிகிறது. அம்மா செய்தது பிடித்து நிறுத்துவது என்றே அவர் நினைத்திருந்தார். நம் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். ட்ரூவிலிலும் குளிப்பவர்களுக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள், படத்தில் பார்த்தேன். ஆனால் கயிற்றுக்குப் பக்கத்தில் ஆளும் நிற்கிறார்.

பெரிய அலை வந்தபோது மற்ற இருவரும் கயிற்றை விட்டுவிட்டு உருண்டு புரண்டு கரைக்கு வந்தார்கள். மணல் தின்றதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. டைலரக்கா விடவில்லை. விடாதே என்று அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாளே. பயத்தில் வலது கையில் கயிற்றை ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தாள். கடல் அவளை ஒரு பக்கம் இழுத்தது, கயிறு ஒரு விரல்கடைகூட விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் மணிக்கட்டு முறிந்தது.

நாங்கள் பரிசு எவர்சில்வர் தம்ளரோடு பேருந்திலிருந்து இறங்கியபோது தெருவே வாசலில் நின்றது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். டைலரக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், மறைப்பில் அவள் செருப்பு மட்டும் இருந்தது. அம்மா தலையிலிருந்த பூவைப் பிய்த்தாள். நேராகப் போய் நான்கு கழியையும் பிடுங்கினாள். பேனர் மணலில் விழுந்தது, தலைவர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். ஊர்த் தலைவர், "நாங்க ஒன்னும் சொல்லலியேம்மா, அதுக்குள்ள ஏன்?" என்று கேட்டார். அம்மா சாக்கைச் சுருட்டத் தொடங்கினாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது டைலரக்காவின் மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை. கத்தரிக்கோலுக்குள் கட்டைவிரல் நுழையும், ஆனால் அழுத்த வராது.

கட்டு இருந்த அந்த நாட்களில் அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். ஒற்றைக் கையோடு டைலரக்காவால் தலைக்கு ஊற்றிக்கொள்ள முடியாது, வீட்டில் வயதான தாய் மட்டும். இரண்டு முறை நானும் போனேன். குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே சீயக்காய் வாசமும், கட்டின்மேல் சுற்றிய பிளாஸ்டிக் பை சலசலக்கும் சத்தமும். "கண்ண மூடு, மூக்க புடி" என்றாள் அம்மா, ஒரு சொம்புத் தண்ணீருக்கு. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு டைலரக்கா சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு கேட்கவில்லை.

அப்போதுதான் டைலரக்கா கேட்டாள்.

"அன்னிக்கி நீ எங்கக்கா போயிட்ட?"

இந்தப் பக்கம் நான் கதவில் காதை வைத்தேன். விசில், தம்ளர், பூ எல்லாம் அம்மாவின் வாயிலிருந்து வரப்போகிறது என்று நினைத்தேன்.

"பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள் அம்மா. "காய்ச்சல்ல பெனாத்திகினு இருந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிட்டேன்."

"அய்யோ! இப்போ எப்டி கீது? மொதல்ல சொல்ல மாட்டியா? நா என் கையப் பத்தியே பேசிகினு கீறேன்."

ஈரத்தலையோடு வெளியே வந்தவள் என் நெற்றியில் இடது கையை வைத்துப் பார்த்தாள். அடுத்த வாரம் ராயபுரத்துத் தர்காவில் ஓதிய கறுப்புக் கயிறு ஒன்றை அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். அம்மா அதை என் கையில் கட்டினாள். கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வராத காய்ச்சலுக்கு அது நூல் நைந்து அறும்வரை என் கையில் இருந்தது.

உங்களில் சிலர் அதைக் கேலி செய்தீர்கள். நான் காரணம் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருடம் லாரி லாரியாகக் கருங்கல் வந்தது. கரையோரம் மலை மாதிரி கொட்டினார்கள். மணல் போயிற்று, பிறகு நம் தெருவும் போயிற்று. நான் படித்தேன். மதிப்பெண் அதிகம் வரும் என்று பிரெஞ்சு எடுத்தேன், பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. எங்கோ இருக்கும் ஒரு கடலில் முகம் தெரியாத பெண்கள் பத்திரமாகக் குளிக்க, தினமும் எட்டு மணிநேரம் பேசுகிறேன்.

அந்தப் பிரெஞ்சு அம்மாளின் அழைப்புக்கு அடுத்த நாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். சந்து அப்படியே இருக்கிறது. படிக்கட்டுக்குக் கீழே இப்போது ஜெராக்ஸ் கடை. டைலரக்கா மாடியில் இருந்தாள். பக்கத்துப் பெண்கள் தைத்துக் கொடுக்கும் நைட்டிகளுக்கு இடது கையால் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொள்ள நேரம் ஆனது. தெரிந்ததும், பொத்தான் டப்பா உருள எழுந்து வந்தாள்.

என்னைப் பார்த்ததும் நான் என்ன படித்தேன், எங்கே வேலை, கல்யாணம் ஆயிற்றா, எதையும் அவள் கேட்கவில்லை. இடது கையைத் தூக்கி என் நெற்றியில் வைத்தாள்.

"அந்தக் காய்ச்சல் அப்புறம் வரவே இல்லையாடி? இன்னமும் தொழுவறப்போ ஒன் பேர சொல்றேன்."

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். பேருந்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அந்தக் கோணல் மணிக்கட்டு என் கண்ணுக்கு நேரே இருந்தது.

"வரலக்கா. நல்லா கீறேன்."

மாத்தூர் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா பால்கனியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனேன் என்று நான் சொன்னதும் கை நின்றது. கடலைப் பற்றியோ கையைப் பற்றியோ அவள் கேட்கவில்லை.

"ஒன் ஒடம்ப பத்தி கேட்டுச்சா?"

"கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"நல்லாயிட்டேன்னு சொன்னேன்."

அம்மா இன்னோர் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். 

"அப்டியே இருக்கட்டும்" என்றாள். "இவ்ளோ நாளா வேண்டிக்கினு கீறா. அது வீணா போவ வேணாம்."